நோய் கடைசியில்தான் வந்தது

தூரைத் தோண்டத் தொடங்கியதும் முதலில் வந்தது நாற்றம்தான். முட்டை அழுகினால் வருமே, அந்த நாற்றம். மண்வெட்டி ஒரு முழம் இறங்கியபோது மண்ணின் நிறமும் மாறியது. மேலே செம்பழுப்பு, கீழே போகப் போக ஈயத்தைக் கரைத்து ஊற்றினாற்போல நீலச் சாம்பல். ஒரு சல்லிவேரைப் பிடித்து இழுத்தேன். மேல்தோல் மட்டும் உறைபோலக் கழன்று விரலோடு வந்தது. உள்ளிருந்த நூல் போன்ற நரம்பு மண்ணிலேயே நின்றது, எலிவால் மாதிரி.

பதினொரு வயது அவகாடோ மரம் அது. கன்றாக நான் வைத்தது. பட்டுப்போவதற்கு முந்தைய ஆறு மாதத்தில் அதற்கு நான் பார்க்காத வைத்தியம் இல்லை. இலை சிறுத்தது, உரம் வைத்தேன். இலை வெளிறியது, இரும்புச்சத்து தெளித்தேன். நடுப்பகலில் வாடித் தொங்கியது, தண்ணீர் விட்டேன். மறுநாளும் வாடியது, இன்னும் கொஞ்சம் விட்டேன். அந்தத் தண்ணீரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்; இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

வேரையும் மண்ணையும் ஓர் ஆய்வகத்துக்கு அனுப்பினேன். திரும்பி வந்த தாளில் விஷயம் ஒரே வரிதான்: பைட்டோப்தோரா சினமோமி. கொலையாளி பெயர் தெரிந்துவிட்டது என்ற திருப்தியோடு அந்தத் தாளைத் தூக்கிக்கொண்டு, தாவர நோயியல் பாடம் நடத்தி ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவரிடம் போனேன். அவர் தாளை வாங்கி, படிக்காமலே மடியில் வைத்துக்கொண்டார்.

"தம்பி, மரத்தைச் சுத்தி ஏதும் வேலை பாத்தீங்களா?"

"முற்றம் பள்ளமா இருந்துச்சுங்கய்யா. மண் அடிச்சு ஒரு அடி மேடாக்கினோம்."

"எப்போ?"

"ரெண்டு வருஷம் இருக்கும்."

"அப்போ மரம் செத்து ரெண்டு வருஷம் ஆச்சு. உங்களுக்குத் தகவல் இப்பத்தான் வந்திருக்கு."

எனக்குக் கோபம்தான் வந்தது. கையில் கிருமியின் பெயரோடு போனவனிடம் மண்ணைப் பற்றிப் பேசுகிறாரே என்று. அவர் சொன்னதும் ஆய்வகம் சொன்னதும் ஒரே கதையின் இரண்டு முனைகள் என்று புரிய எனக்கு வெகுநாள் பிடித்தது. நான் படித்துத் தெரிந்துகொண்டதையும், தோண்டித் தெரிந்துகொண்டதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

மண் என்றால் நம் மனதில் வருவது திடப்பொருள். ஆனால் நல்ல மண்ணில் ஏறக்குறைய பாதிதான் மண். மீதி பாதி வெற்றிடம். அந்த வெற்றிடத்தில் கொஞ்சம் தண்ணீரும் கொஞ்சம் காற்றும் இடம் மாறி இடம் மாறி இருக்கின்றன. மழை பெய்தால் தண்ணீர் உள்ளே வந்து காற்றை வெளியே தள்ளுகிறது. நீர் வடிந்தால் பெரிய துளைகள் வழியாகக் காற்று திரும்பி வருகிறது. வேர் குடிப்பதும் மூச்சு விடுவதும் இந்தப் போக்குவரத்தில்தான்.

வேர் மூச்சு விடுகிறதா என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மரம்தானே நமக்கு ஆக்சிஜன் தருகிறது, அதற்கெதற்கு ஆக்சிஜன் என்பது அவர்கள் கேள்வி. இலை தயாரிக்கும் ஆக்சிஜன் இலைத்துளை வழியாக வெளியே போய்விடுகிறது. மேட்டு நிலத்து மரங்கள் பெரும்பாலானவற்றில் அது வேர் நுனிவரை இறங்கி வர வழி கிடையாது. இலை அனுப்புவது சர்க்கரை மட்டும். அந்தச் சர்க்கரையை எரிக்க வேண்டிய ஆக்சிஜனை வேர் தன்னைச் சுற்றியுள்ள மண்துளையிலிருந்துதான் எடுத்துக்கொள்ள வேண்டும். அங்கே இல்லையென்றால் இல்லைதான். பக்கத்து வேர் கடன் தராது.

வெளிக்காற்றில் ஆக்சிஜன் சுமார் 21 சதவீதம். மண்ணின் மேலடுக்கில் அதைவிடச் சற்றுக் குறையும். ஆழம் போகப் போக, வேர்களும் நுண்ணுயிர்களும் எடுத்துக்கொண்டே இருப்பதால், இன்னும் குறையும். கரியமில வாயு ஏறும். ஆப்பிள் மரங்களில் 1930களில் செய்த பழைய சோதனைகள் ஒரு கணக்குச் சொல்கின்றன. மண்காற்றில் ஆக்சிஜன் 3 சதவீதத்துக்குக் கீழே போனால் வேர் உயிரைப் பிடித்துக்கொண்டு கிடக்கும், அவ்வளவுதான். 5 முதல் 10 வரை இருந்தால் ஏற்கெனவே உள்ள வேர்நுனிகள் நீளும். புதிதாக ஒரு வேர் முளைத்துக் கிளம்ப 12க்கு மேல் வேண்டும். எல்லா மரத்துக்கும் இதே எண் பொருந்தாது. ஆனால் அந்த வரிசை முக்கியம்: முதலில் நிற்பது புதுவேர். மரத்தின் மேல்பாதியில் எதுவும் தெரியாமலே, கீழே சல்லிவேர் உற்பத்தி நின்றுபோகலாம். சல்லிவேருக்கு ஆயுள் குறைவு. பழையது போகும், புதியது வராது. பழைய சேமிப்பில் குடும்பம் நடத்துகிற கதை.

துளைகளில் காற்றுக்குப் பதில் தண்ணீர் நின்றுவிட்டால் என்ன ஆகும்? இங்கே ஓர் எண்ணைச் சொல்லியே ஆக வேண்டும். ஆக்சிஜன் காற்றில் பரவுவதைவிடத் தண்ணீரில் சுமார் 10,000 மடங்கு மெதுவாகப் பரவுகிறது. தண்ணீருக்குள் கொள்ளும் அளவும் சொற்பம்: 20 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் தண்ணீரில் 9 மில்லிகிராம் கரைந்திருக்கும், அதே ஒரு லிட்டர் காற்றில் 280 மில்லிகிராம் அளவுக்கு இருக்கிறது. ஆக, இருப்பும் குறைவு, வரத்தும் மெதுவு. நீர் கோத்துக்கொண்ட மண்ணில் இருக்கும் ஆக்சிஜனை வேரும் நுண்ணுயிரும் ஓரிரு நாளில், வெயில் காலமென்றால் அதற்கும் முன்பே, தின்று தீர்த்துவிடும்.

ஆக்சிஜன் தீர்ந்ததும் மண்ணில் வேறொரு கூட்டம் வேலைக்கு வருகிறது. ஆக்சிஜன் இல்லாமலே பிழைக்கத் தெரிந்த பாக்டீரியாக்கள். அவை முதலில் நைட்ரேட்டைப் பிடிக்கும். மண்ணில் இருந்த தழைச்சத்து வாயுவாகப் பறந்துபோகும். அடுத்து மாங்கனீசு, பிறகு இரும்பு. செந்நிறத்தைத் தரும் இரும்பு நிறம் மாறிக் கரைந்துபோவதால்தான் மண் சாம்பல் பூத்துப்போகிறது. அதற்கும் பிறகு கந்தகம் அடங்கிய சல்பேட். அப்போதுதான் அந்த முட்டை நாற்றம். என் குழியில் இந்த வரிசை முழுவதும் அடுக்கி வைத்தாற்போல இருந்தது, எனக்குத்தான் படிக்கத் தெரியவில்லை. நான் போட்ட உரத்தில் இருந்த நைட்ரேட்டில் எவ்வளவு மரத்துக்குப் போனது, எவ்வளவு காற்றோடு போனது என்று கணக்குப் பார்க்க இப்போது மனம் வரவில்லை.

வேருக்குள் நடப்பது இன்னும் சோகம். ஆக்சிஜன் இருந்தால் ஒரு குளுக்கோஸ் மூலக்கூறிலிருந்து 30க்கும் மேற்பட்ட ஏடிபி கிடைக்கும். ஏடிபி என்பது செல்லின் கைக்காசு. ஆக்சிஜன் இல்லையென்றால் நொதித்தல் வழியில் கிடைப்பது 2. அந்த இரண்டைச் சம்பாதிக்க வேர் தன் சர்க்கரை இருப்பை வாரி இறைக்கிறது, கழிவாக எத்தனாலை, அதாவது சாராயத்தை, உண்டாக்குகிறது. செல்லுக்குள் அமிலத்தன்மை ஏறுகிறது. அமிலம் ஏறியதும் செல்சவ்வில் தண்ணீர் போய்வரும் நுண்கதவுகள் மூடிக்கொள்கின்றன. வேர் தண்ணீருக்குள் மூழ்கிக் கிடக்கும்போதே தண்ணீரை உறிஞ்ச முடியாமல் போகிறது.

என் மரம் நடுப்பகலில் வாடித் தொங்கியது இதனால்தான். நான் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். மூச்சுத் திணறுகிறவனுக்குத் தாகம் என்று நினைத்து வாயில் தண்ணீர் ஊற்றியிருக்கிறேன். இலை வாடினால் முதலில் மண்ணைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். மேலே புதிதாகக் கொட்டிய மண்ணைத்தான் தொட்டுப் பார்த்தேன், அது காய்ந்திருந்தது. ஓர் அடிக்குக் கீழே இருந்த பழைய தரை குளமாகக் கிடந்தது.

இலை மஞ்சளாவதற்கும் ஒரு தனிக் காரணம் உண்டு. எத்திலீன் என்ற வாயுவைத் தாவரங்கள் தாமே தயாரித்துக்கொள்கின்றன. இலை முதிர்வதற்கும் உதிர்வதற்கும் அதுதான் ஏவலாள். அதற்கான முன்பொருள் வேரில் உருவாகும்; கடைசிப் படிக்கு ஆக்சிஜன் தேவை. திணறும் வேரில் அந்தப் படி நடக்காது. முன்பொருள் தேங்கி, நீரோட்டத்தோடு மேலே ஏறி, காற்று தாராளமாக இருக்கும் இலைக்குப் போய்ச் சேர்ந்து அங்கே எத்திலீனாக மாறுகிறது. கீழே நெருக்கடி, மேலே உதிர்வு. கிட்டத்தட்ட தந்தி மாதிரி. நான் அதைச் சத்துக்குறைவு என்று படித்தேன்.

இதுவரை கிருமி வரவே இல்லை, கவனித்தீர்களா? இப்போதுதான் அது கதைக்குள் நுழைகிறது. ஆனால் அதற்குமுன் நலமாக இருக்கும் வேர் எப்படித் தன்னைக் காத்துக்கொள்கிறது என்று பார்த்துவிடலாம். எனக்கு மிகவும் வியப்பாக இருந்த பகுதி அதுதான்.

ஆக்சிஜன் வேருக்கு எரிபொருளோடு சேர்ந்த பொருள் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அது ஆயுதமும்கூட. அன்னியக் கிருமி ஒன்று தொட்டதை வேர்ச்செல் உணர்ந்தவுடன், சில நிமிடங்களுக்குள், ஆக்சிஜனைக் கடும் வினைத்திறன் கொண்ட வடிவங்களாக மாற்றி அந்த இடத்தில் கொட்டுகிறது. ஹைட்ரஜன் பெராக்சைடு அதில் ஒன்று. அது கிருமியைச் சுடுகிறது, பக்கத்துச் செல்களுக்கு எச்சரிக்கை மணி அடிக்கிறது, மரத்துக்கு உறுதி தரும் லிக்னின் என்ற பொருளைச் செல்சுவரில் கோத்து இறுக்கவும் பயன்படுகிறது. நறுக்கி வைத்த ஆப்பிள் பழுப்பாவதைப் பார்த்திருப்போம். அதே வகை நொதி வேரிலும் உண்டு. காயம் பட்ட இடத்தில் பீனால்கள் என்ற சேர்மங்களை ஆக்சிஜனோடு சேர்த்து, கிருமிக்கு நஞ்சான பொருள்களாக மாற்றுகிறது. தக்கை போன்ற சுபெரின் பூச்சால் வேர் தன் சுவரை மெழுகுகிறதே, அதைத் தயாரிக்கும் படிகளில் சிலவற்றுக்கும் ஆக்சிஜன் கட்டாயம். இவை போக, புதிய எதிர்ப்புப் பொருள்களைத் தயாரிப்பதெல்லாம் ஏடிபி செலவாகும் வேலை.

ஆக்சிஜன் தீர்ந்த வேரில் இவை எல்லாம் ஒரே நேரத்தில் நின்றுபோகின்றன. காவல்காரனுக்குச் சம்பளம் இல்லை, தடியும் இல்லை, ஊதக் குழலும் இல்லை.

இதோடு இன்னொன்று. செல்சவ்வை ஒழுகாமல் வைத்திருப்பதற்கே சக்தி வேண்டும். கைக்காசு தீர்ந்த செல் ஒழுக ஆரம்பிக்கிறது. சர்க்கரை, அமினோ அமிலம், கூடவே அந்தச் சாராயம், எல்லாம் வேரைச் சுற்றியுள்ள தண்ணீரில் கசிந்து பரவுகின்றன. மண்ணுக்குள் அந்த வாசனைக்காகவே காத்திருக்கும் உயிர் ஒன்று உண்டு.

பைட்டோப்தோரா என்ற பெயரை 1876இல் வைத்தவர் ஜெர்மானியரான அன்டன் டி பாரி. தாவரத்தை அழிப்பது என்று கிரேக்கத்தில் பொருள். பார்ப்பதற்குப் பூஞ்சை போல இழை இழையாக இருக்கும். உறவுமுறையில் பூஞ்சைக்கு அது தூரம். கடலில் வாழும் பழுப்புப் பாசிகளுக்குத்தான் நெருக்கம். நீர்ப்பூஞ்சை என்று ஒரு தனிக் கூட்டம். பூஞ்சையின் செல்சுவர் கைட்டினால் ஆனது. இதன் சுவரோ பெரிதும் செல்லுலோஸ் வகை. அதனால் பூஞ்சைக்கொல்லி என்று எழுதிய மருந்துகளில் பல இதன்மேல் வேலை செய்வதில்லை. (நான் முதலில் அடித்தது அப்படி ஒன்றுதான்.) சினமோமி என்ற துணைப்பெயர் இலவங்கப்பட்டை மரத்திலிருந்து வந்தது. சுமத்ராவில் அந்த மரங்களில் கண்டெடுத்து 1922இல் ராண்ட்ஸ் என்ற ஆய்வாளர் அதைப் பதிவு செய்தார். இன்று அது தாக்கும் தாவர இனங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. அவகாடோ அதற்கு மிகவும் பிடித்தமானது.

மண் ஈரமாக, ஆனால் காற்றோட்டமாகவும் இருக்கும்போது அது சின்னச் சின்ன வித்துப்பைகளை உண்டாக்கி வைக்கும். கனமழை வந்து மண் முழுக்க நனைந்ததும் அந்தப் பைகள் திறந்து நீந்தும் வித்துகள் வெளிவரும். மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்கு அளவு. சிறுநீரக வடிவம். ஆளுக்கு இரண்டு சவுக்கு இழை. ஒன்றில் மயிர்க்கால்கள், மற்றது வழவழப்பு. ஒன்றால் முன்னே இழுத்து, மற்றொன்றால் திசை திருப்பி நீந்துகின்றன. சொந்தமாக நீந்தி அவை கடக்கும் தூரம் சில சென்டிமீட்டர்தான், ஓடும் தண்ணீரில் ஏறிக்கொண்டால் எங்கு வேண்டுமானாலும் போகும். மண்துளைகளில் தண்ணீர் தொடர்ச்சியாக நின்றால்தான் அவற்றுக்கு வழி. நமக்கு அது தேங்கிய நீர், அவற்றுக்கு அது சாலை.

போகும் திசையை எப்படித் தெரிந்துகொள்கின்றன? 1973இல் வெளியான ஒரு சோதனையில், மண்துளையைப் போன்ற மெல்லிய குழாய்களில் பைட்டோப்தோரா சினமோமியின் நீந்தும் வித்துகளை விட்டுப் பார்த்தார்கள். எத்தனால் இருந்த பக்கம் அவை திரண்டு போயின. மூச்சு முட்டிய வேர் கக்குகிறதே, அதே எத்தனால். இதைப் படித்த அன்று இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. என் மரம் இரண்டு வருடமாகத் தன் முகவரியைத் தானே மண்ணில் எழுதிக்கொண்டிருந்திருக்கிறது.

வேர்நுனிக்குச் சற்றுப் பின்னால், செல்கள் நீளும் பகுதியில் வித்துகள் வந்து ஒட்டுகின்றன. சவுக்கு இழைகளை உதறிவிட்டுச் சுவர் கட்டிக்கொண்டு, சிறிது நேரத்திலேயே முளைத்து உள்ளே நுழைகின்றன. ஆக்சிஜனோடு இருக்கும் வேர் அங்கேயே சுட்டு, சுவரெழுப்பி, நாலு செல்லைப் பலி கொடுத்து நிறுத்திவிடக்கூடும். திணறும் வேரில் அப்படி நிறுத்த யாரும் இல்லை.

சூழல் மாறினால் எதிர்ப்புச் சக்தியுள்ள ரகமும் விழும் என்பதற்கு ஒரு நல்ல சான்று ரோடோடென்ட்ரான் என்ற பூச்செடிகளில் 1981இல் வெளிவந்த ஆய்வு. சாதாரணமாக இந்த நோயைத் தாங்கி நிற்கும் ரகம், முன்கூட்டியே நீரில் மூழ்க வைத்த பிறகு கிருமியைச் சந்தித்தபோது தாங்கவில்லை. கடும் வறட்சிக்குப் பிறகும் அதே கதிதான். ரகத்தைப் பார்த்து வாங்கினால் போதும் என்று நினைக்கிற என்னைப் போன்றவர்களுக்கு அது கசப்பான செய்தி. ரகத்தின் மரபணுவில் இருப்பது ஆயுதத்தின் வரைபடம் மட்டும். ஆயுதம் செய்யப் பட்டறை ஓட வேண்டும்.

இந்த இடத்தில் ஒரு முரணைச் சொல்லாமல் போனால் கதை பொய்யாகிவிடும். கிருமிக்கும் மூச்சு வேண்டும். பைட்டோப்தோரா ஆக்சிஜன் இல்லாத சேற்றில் செழித்து வளரும் பிராணி அல்ல. ஆக்சிஜன் அறவே அற்றுப்போனால் அதன் வளர்ச்சியும் முடங்கும், வித்துப்பையும் உருவாகாது. அப்படியென்றால் வருடம் முழுக்கத் தண்ணீர் நிற்கும் இடத்தைவிட எது ஆபத்து? இரண்டு நாள் தேங்கி, ஐந்து நாள் வடிந்து, மறுபடி தேங்குகிற இடம். வடிந்த நாட்களில் கிருமி மூச்சு வாங்கி வித்துப்பை கட்டுகிறது. தேங்கிய நாளில் வித்துகளை விடுகிறது. அதே தேக்கத்தில் வேர் மயங்கிக் கிடக்கிறது. இரண்டு பேருக்கும் மூச்சு முட்டினாலும் தெளிந்து எழும் வேகத்தில் வித்தியாசம் உண்டு. கிருமி சில மணி நேரத்தில் எழுந்துவிடும். வேருக்கு அப்படியில்லை, இறந்த நுனி திரும்பாது, பக்கத்திலிருந்து புதிது முளைக்க வேண்டும். என் முற்றத்தில் நடந்தது சரியாக இதுதான்: மழை, வடிதல், நான் விட்ட தண்ணீர், வடிதல், மறுபடி நான் விட்ட தண்ணீர்.

பைட்டோப்தோரா மட்டும் இப்படி வாசம் பிடிப்பதில்லை. ஆர்மிலேரியா என்ற காளான் மரங்களின் வேரைத் தாக்கி அழுக வைப்பது; கறுப்புச் செருப்புநாடா போன்ற இழைக்கயிறுகளால் மண்ணுக்குள் ஊர்ந்து மரத்துக்கு மரம் போகும். ஆய்வகத்தில் அதற்கு எத்தனால் சேர்த்தால் அந்தக் கயிறுகள் அமோகமாக வளர்வதை 1963இலேயே கண்டிருக்கிறார்கள். அமெரிக்காவின் ஓரிகன் காட்டில் இந்த இனத்தின் ஒரே உயிர் சுமார் 9 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரவிக் கிடக்கிறது. உலகின் மிகப் பெரிய உயிர்களில் ஒன்றாக அதைச் சொல்கிறார்கள். பீச், ஆப்ரிகாட் மரங்களின் கதை வேறு. அவற்றின் வேரில் சயனைடு அடங்கிய சேர்மங்கள் உண்டு. நீர் தேங்கி வேர் நலியும்போது அவை உடைந்து ஹைட்ரஜன் சயனைடு வெளியாகிறது. கிருமி வரும்வரைகூடக் காத்திருக்காமல் தன் நஞ்சில் தானே மாட்டிக்கொள்கிற மரங்கள் அவை.

காவலுக்கு நிற்கும் துணைப்படை ஒன்றையும் இழக்கிறோம். பைன், ஓக் போன்ற மரங்களின் சல்லிவேரைச் சுற்றி நன்மை செய்யும் வேர்ப்பூசணம் கையுறைபோலப் போர்த்திக்கொண்டு வாழ்கிறது. அந்தப் போர்வை இருக்கும் வேர்நுனியைப் பைட்டோப்தோரா எளிதில் துளைக்க முடிவதில்லை என்று பைன் வேர்களில் 1960களின் இறுதியில் காட்டினார்கள். ஆனால் அந்தப் பூசணத்துக்கும் ஆக்சிஜன் வேண்டுமே. மண் மூச்சு விட்டால்தான் போர்வை நிலைக்கும்.

காட்டளவில் இந்தக் கதை எப்படி இருக்கும் என்பதற்கு மேற்கு ஆஸ்திரேலியாவில் ஜாரா என்ற யூகலிப்டஸ் வகை மரக்காடுகள் சான்று. அங்கே மரங்கள் கூட்டம் கூட்டமாகப் பட்டுப்போவதற்குக் காரணம் தெரியாமல் பல பத்தாண்டுகள் தவித்தார்கள். 1960களின் நடுவில்தான் பைட்டோப்தோரா சினமோமியின் கை வெளிப்பட்டது. மண்ணுக்கடியில் செம்பூரான் பாறை அடுக்கு இருக்கும் இடங்களில் மழைநீர் அதன்மேல் தேங்கிப் பக்கவாட்டில் நகர்ந்து, வித்துகளை ஆழமான வேர்களுக்கும் கொண்டுசேர்க்கிறது. மேலே நின்று பார்ப்பவருக்கு அந்தத் தேக்கம் தெரியவே தெரியாது.

ஈரத்தில் வாழப் பழகிய மரங்கள் இதற்கு விடை கண்டுபிடித்து வைத்திருக்கின்றன. அலையாத்தி மரம் சேற்றிலிருந்து மூச்சுவேர்களை மேலே நீட்டுகிறது. வில்லோவும் ஆல்டரும் தண்டின் பட்டையில் மூச்சுத்துளைகளைப் பருக்கவைத்து, நீர்மட்டத்தை ஒட்டிப் புது வேர் விட்டு, உள்ளே காற்றுக்குழல் திசு வளர்த்துக்கொள்கின்றன. ஆனால் எல்லா ஏற்பாட்டிலும் ஓர் ஓட்டை உண்டு. ஐரோப்பாவின் ஆற்றங்கரை ஆல்டர் மரங்களைக் கொல்லும் ஒரு பைட்டோப்தோரா 1993இல் பிரிட்டனில் கண்டறியப்பட்டது. அந்தப் பருத்த மூச்சுத்துளைகளும் புது வேர்களும் அது நுழையும் வழிகளில் சேர்த்தி என்கிறார்கள். மூச்சு விடத் திறந்த சன்னல் வழியே திருடன்.

சரி, நான் செய்ததுதான் என்ன? மரத்தின் சல்லிவேர்களில் பெரும்பகுதி மண்ணின் மேல் ஒன்றிரண்டு அடியில்தான் இருக்கும். அவகாடோவின் வேர் இன்னும் மேலோட்டம், வேர்த்தூவிகளும் மிகக் குறைவு. காற்று கிடைக்கும் ஆழம் பார்த்து அவை அங்கே குடியிருக்கின்றன. அதன்மேல் ஓர் அடிக் களிமண்ணைக் கொட்டி, சமப்படுத்த வண்டியையும் ஏற்றி இறக்கினேன். வண்டிச் சக்கரம் நசுக்குவது பெரிய துளைகளைத்தான். காற்று போய்வருவதும் நீர் வடிவதும் அவற்றில்தான். மண்ணின் கன அளவில் காற்று நிறைந்த துளைகள் 10 சதவீதத்துக்குக் கீழே போனால் வாயுப் பரிமாற்றம் ஏறக்குறைய நின்றுபோகும் என்பது மண்ணியலில் பொதுவாகச் சொல்லும் அளவு. நான் ஒரே நாளில் அதைச் சாதித்திருப்பேன். தூரின் பட்டை மண்ணுக்குள் புதைந்தது கூடுதல் தண்டனை. பட்டை காற்றில் இருக்கப் பிறந்தது, எப்போதும் ஈரத்தில் கிடந்தால் கழுத்தழுகல் அங்கேயும் தொடங்கும்.

தொட்டியில் வளர்ப்பவர்களுக்கு ஒரு சொல். தொட்டியின் அடியில் கூழாங்கல் போட்டால் நீர் நன்றாக வடியும் என்று எல்லோரும் சொல்கிறார்கள், நானும் நாலு பேருக்குச் சொல்லியிருக்கிறேன். அது தவறு. நுண்துளை மண்ணிலிருந்து தண்ணீர் பெருந்துளைக் கல்லுக்கு எளிதில் இறங்காது. மண்ணின் அடிப்பகுதி முழுக்க நனையும்வரை நுண்துளைகள் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கல்லைப் போட்டால் அந்த நனைந்த அடுக்கு அப்படியே மேலே ஏறி வேருக்கு இன்னும் நெருக்கமாக வரும். களிமண் தரையில் குழி தோண்டி நல்ல மண்ணை நிரப்பிக் கன்று வைப்பதும் இதே ரகம். குழிக்குள் இறங்கிய நீர் சுற்றியுள்ள களிமண்ணில் போக வழியில்லாமல் தொட்டியில் நிற்பதுபோல நிற்கும். மேடு கட்டி நடுவதுதான் அங்கே வழி.

காலமும் கணக்கில் சேரும். குளிரில் இலையுதிர்த்து உறங்கும் மரத்தின் வேர் வாரக்கணக்கில் தண்ணீரில் கிடந்தும் பிழைக்கும். வெயில் காலத்தில் அப்படியில்லை. வெப்பம் 10 டிகிரி ஏறினால் வேரின் மூச்சுத் தேவை ஏறக்குறைய இரட்டிக்கும், சூடான தண்ணீரில் கரையும் ஆக்சிஜனோ குறையும்.

மருந்தே இல்லையா என்றால், இருக்கிறது. பாஸ்போனேட் என்ற உப்பைத் தண்டில் ஊசியாகவோ தெளிப்பாகவோ கொடுக்கிறார்கள். அது கிருமியைத் தடுப்பதோடு மரத்தின் எதிர்ப்பையும் கிளறிவிடும். அவகாடோத் தோப்புகள் பல அதை நம்பி நிற்கின்றன. ஆனால் கிளறிவிட ஓர் எதிர்ப்பு மிஞ்சியிருக்க வேண்டும். செத்த வேரை அது எழுப்பாது. பெரியவரிடம் இரண்டாம் முறை போனபோது இதைத்தான் கேட்டேன்.

"மருந்து முன்னாடியே குடுத்திருந்தா பொழைச்சிருக்குமாங்கய்யா?"

"மூக்கைப் பொத்திக்கிட்டு மாத்திரை குடுத்தா?" என்றார்.

முற்றத்தில் இன்னொரு மரம் மிச்சம் இருந்தது. எலுமிச்சை. அதன் தூரிலும் பிசின் வடிய ஆரம்பித்திருந்தது. எலுமிச்சைக் குடும்பத்துக்கும் பைட்டோப்தோராவுக்கும் பழைய பகை உண்டு. 19ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் அசோர்ஸ் தீவுகளின் ஆரஞ்சுத் தோப்புகள் அதனால் அழிந்தன. அதன் பிறகுதான் தாங்கும் சக்தியுள்ள கசப்பு ஆரஞ்சை வேர்ச்செடியாக வைத்து ஒட்டுக்கட்டும் வழக்கம் பரவியது. என் மரம் எந்த வேர்ச்செடியில் நிற்கிறது என்று எனக்கு நினைவில்லை. ஆனால் இந்த முறை மருந்துக்கு ஓடவில்லை. கொட்டிய மண்ணைக் கையாலேயே, வேரைக் கீறாமல், மூன்று நாளாக அள்ளி வெளியே போட்டேன். தூர் விரிந்து வேராகப் பிரியும் இடம் வெளியே தெரியும்வரை அள்ளினேன். அங்கே பட்டை நசநசவென்றிருந்தது. கத்தியால் லேசாகச் சீவிப் பார்த்தபோது ஒரு பக்கம் செம்பழுப்பு, மறுபக்கம் இன்னும் பச்சை. தண்ணீர் வெளியேற ஓரமாக ஒரு வாய்க்கால் வெட்டினேன். தூரைத் தொடாமல் தள்ளி, காய்ந்த இலையும் மரச்சீவலும் மூடாக்காகப் போட்டேன். மண்புழு வந்து துளை போடட்டும் என்று.

நாலு மாதம் கழித்து மூடாக்கை விலக்கிப் பார்த்தேன். பச்சையாக இருந்த பக்கத்தில், மண்ணின் மேல்விளிம்பிலேயே, ஐந்தாறு வேர்நுனிகள் வெள்ளை வெளேரென்று நீண்டிருந்தன. மற்றப் பக்கத்தில் ஒன்றும் இல்லை. அந்தப் பக்கத்துக் கிளை ஒன்று பட்டுவிட்டது, அதை வெட்டிவிட்டேன்.

பழைய மரம் நின்ற இடத்தில் புதிதாக ஒரு கன்று வைக்கலாமா என்ற ஆசை எனக்கு. கிருமியின் தடித்த சுவர் கொண்ட உறங்குவடிவங்கள் மண்ணில் வருடக்கணக்கில் கிடக்கும் என்று தெரிந்தும் ஆசை. கன்றை வாங்கியும் வைத்துவிட்டேன். நடுவதற்குமுன் ஒரு முழ ஆழத்துக்குக் குழி தோண்டி, நிறையத் தண்ணீர் ஊற்றி ஊறவிட்டு, மறுபடி நிரப்பி, எவ்வளவு நேரத்தில் வடிகிறது என்று பார்க்கச் சொல்லியிருந்தார் பெரியவர். மாலை ஆறு மணிக்கு நிரப்பினேன். காலையில் போய்ப் பார்த்தபோது குழியில் நாலு விரற்கடை தண்ணீர் நின்றது, அதில் ஒரு கொசு முட்டையிட்டுக்கொண்டிருந்தது. கன்று இன்னும் தொட்டியிலேயே இருக்கிறது. அடியில் கிடந்த கூழாங்கற்களை எடுத்துவிட்டேன்.